அப்பா நான்காவது முறை சிகரெட்டை விட்டது

எனக்கு நினைவு தெரிந்து அப்பா ஐந்து முறை சிகரெட்டை விட்டிருக்கிறார். முதல் மூன்று முறையும் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளையடிப்பதைப் போல அதுவும் வந்து போகும். நான்காவது முறை அப்படி இல்லை. அந்த முறை அவருக்குக் காவலாக என்னைப் போட்டிருந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது முடிந்திருந்தது.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள். நாங்கள் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் வரைபடம் போடுகிற வேலை. மதகு, வாய்க்கால், கலிங்கு எல்லாவற்றையும் மை தொட்ட பேனாவால் டிரேசிங் துணியில் கோடு கோடாக இழுப்பார். அவருடைய கோட்டுக்கு ஆபீஸில் நல்ல பெயர். ஸ்ரீரங்கத்துக்குள் அவர் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. பெருமாள் இருக்கிற ஊர் என்பது ஒரு காரணம்; தெரு முழுக்க உறவுக்காரர்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். டவுன் பஸ் காவேரிப் பாலத்தைத் தாண்டியதும் சிந்தாமணியில் இறங்கிவிடுவார். அங்கே ஒரு பெட்டிக்கடை. தொங்கவிட்டிருக்கும் பேப்பரில் தலைப்பைப் படிக்கிறவர் போல நின்றுகொண்டு முதல் சிகரெட்டைப் பிடிப்பார். நான் புத்தகப் பையோடு எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். சாயங்காலம் கடைசி சிகரெட்டையும் அதே கடை வாசலில் முடித்துவிட்டு, இரண்டு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். வீட்டுக்குள் நுழையும்போது கிராம்பு வாசனை அடிக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்ததில்லை.

அந்த வருஷம் தை மாதத்தில் பெரியப்பா இறந்துபோனார். அப்பாவுக்கு ஒரே அண்ணா. கும்பகோணத்தில் பள்ளிக்கூட வாத்தியார். காலையில் காப்பி சாப்பிட்டவர், நெஞ்சை என்னமோ பண்ணுகிறது, அஜீரணமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. நாற்பத்து நான்கு வயது. அவரும் சிகரெட் பிடிக்கிறவர். தம்பிக்குப் பழக்கிவிட்டதே அவர்தான் என்று சொல்வார்கள். சிகரெட்தான் ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று அங்கே பார்த்த டாக்டர் சொன்னாராம். அப்பாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு.

பெரியம்மாவுக்குக் குழந்தைகள் இல்லை. காரியங்கள் முடிந்ததும் அப்பா அவளைக் கையோடு எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். சமையலறையை ஒட்டின சின்ன உள்ளில் அவள் இருந்தாள். ஒரு வருஷத்துக்கு வாசல்பக்கம் வரக்கூடாது என்பதால் பகல் முழுக்க அங்கேதான். அதிகம் பேசமாட்டாள். அரிசியில் கல் பொறுக்கக் கொடுத்தால் பொறுக்குவாள். பொறுக்கின அரிசியை மறுபடியும் முறத்தில் கொட்டி இன்னொரு தடவை பார்ப்பாள்.

வந்த மறுநாள் அப்பா அம்மாவிடம், "இனிமே அதைத் தொட மாட்டேன்" என்றார். எதை என்று அம்மா கேட்கவில்லை. முந்தைய மூன்று தடவைகளையும் பார்த்தவள் அவள். இந்தத் தடவை நம்பலாம் என்றுதான் நினைத்தாள். நம்புவதோடு ஓர் ஆளையும் போட்டு வைத்தால் நல்லது என்றும் நினைத்தாள். நான் தெப்பக்குளத்துப் பக்கம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் அப்பாவோடுதான் பஸ்ஸில் போவேன்.

"கடைப் பக்கம் போனார்னா எங்கிட்ட வந்து சொல்லணும். அவருக்குத் தெரியப்படாது" என்றாள் அம்மா.

எனக்குப் பெருமையாக இருந்தது. வகுப்பில் நான்தான் லீடர். டீச்சர் வர நேரமானால் அட்டெண்டன்ஸ் எடுப்பதும், பேசுகிறவர்கள் பெயரை எழுதிக் கொடுப்பதும் என் வேலை. அதே வேலையை அப்பாவிடமும் காட்டலாம் என்றால் கசக்குமா?

முதல் இரண்டு வாரம் எழுதிக் கொடுக்க எதுவும் கிடைக்கவில்லை. அப்பா சட்டைப்பையில் ஏலக்காய் வைத்துக்கொண்டு மென்றார். சிந்தாமணிக்குப் பதிலாக அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். அம்மா சாயங்காலம் அவர் கழற்றிக் கொடுக்கிற சட்டையை மடித்து வைப்பதுபோலக் காலரை முகர்ந்து பார்ப்பாள். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருப்பார். ஆனால் ஆள் மாறிக்கொண்டு வந்தார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று கால்மணி நேரம் அதோடு சண்டை போட்டார். ஒருநாள் ஆபீஸில் மூன்று நாள் போட்ட படத்தில் கை நடுங்கி மை சிந்திவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அடிக்கடி இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்ப்பார். மணி பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் ஒருநாள் காலை. அப்போதிருந்தது பழைய பாலம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் மூச்சுவிட இடம் இருக்காது. எங்கள் பஸ் பாதிப் பாலம் போனதும் நின்றுவிட்டது. முன்னால் ஒரு வைக்கோல் வண்டியின் சக்கரம் கழன்று, வண்டி குறுக்கே சாய்ந்து கிடந்தது. பின்னாலும் வண்டிகள் வந்து அடைத்துக்கொண்டன. பஸ்ஸில் நல்ல கூட்டம், வெயில். கீழே ஆறு முழுக்க மணல். நடுவில் மட்டும் கயிறு போலத் தண்ணீர். நான் ஜன்னல் வழியே கழுதைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பா என் கையைப் பிடித்தார். பிடித்த கை ஜில்லென்று ஈரமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்து, நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து திருமண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது.

"எறங்கணும்" என்றார்.

"எங்கப்பா எறங்கறது, பாலம்னா இது?"

அவர் எழுந்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார். கண்டக்டர் கையை நீட்டி மறித்தார்.

"நடுப் பாலத்துல எங்க சாமி எறங்குறீங்க? செத்த பொறுங்க, வண்டியத் தூக்கிட்டிருக்காங்க."

"வழி விடுப்பா. என்னால முடியலை."

அப்பா அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. கண்டக்டரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கீழே இறங்கினதும் அப்பா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு குனிந்து நின்றார். ஓடி வந்தவர் போல மேல்மூச்சு வாங்கியது.

"நெஞ்சை அடைக்கறது. அண்ணாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுத்து" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து எல்லோரும் எங்களையே பார்ப்பது வெட்கமாக இருந்தது. "ஆத்துக்குத் திரும்பிப் போயிடலாமாப்பா?" என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஒரே தூரம்தான்.

"நட. ஏதாவது பேசிண்டே வா. நிறுத்தாதே."

"என்ன பேசறது?"

"எதையாவது சொல்லேன்டி. வாயை மூடாம சொல்லிண்டு வா."

எனக்குத் தடங்கல் இல்லாமல் சொல்ல வருவது ஒன்றுதான். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தர். அலமேலு, அம்சவல்லி, ஆண்டாள், பாத்திமா, ஞானசௌந்தரி, லூர்துமேரி என்று ஆரம்பித்து முப்பத்தாறு பெயரையும் வரிசையாகச் சொன்னேன். அப்பா ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடி வைத்தார். முடிந்ததும், "மறுபடியும் மொதல்லேர்ந்து" என்றார். வைக்கோல் வண்டியைத் தாண்டினோம். மறுபடியும் அலமேலு, அம்சவல்லி. வண்டிக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு மணி அடித்திருப்பார்கள், இவரோ நடுரோட்டில் எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. பாதியில் லூர்துமேரியை விட்டுவிட்டேன், அவர் கவனிக்கவில்லை.

பாலம் முடிந்தது. சிந்தாமணிப் பெட்டிக்கடை தெரிந்தது. அப்பா என் கையை விட்டுவிட்டு நேராக அங்கே போனார். கடைக்காரர் ஒன்றும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். நெருப்புக்குச்சி இரண்டு தடவை அணைந்துபோய், மூன்றாவது குச்சியைக் கடைக்காரரே கிழித்துப் பிடித்தார். அப்பா இரண்டு இழுப்பு இழுத்தார். மூச்சு அடங்கியது. முகத்தில் ரத்தம் வந்தது. மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாம் வா, நாழியாயிடுத்து" என்றார், சாதாரணமாக.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அதாவது விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு வாரமாகக் கடைப் பக்கம் இறங்க முடியவில்லை. அதனால் நடுப் பாலத்தில் நெஞ்சுவலி என்று இறங்கி, என்னையும் பேச வைத்து ஏமாற்றி, நடந்தே கடைக்கு வந்துவிட்டார். சாகப்போகிறவருக்கு ஒரு சிகரெட்டில் சரியாகிவிடுமா? இவ்வளவு நன்றாக நடிக்கத் தெரிந்தவரா என் அப்பா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் அவர் வருவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எப்படிக் குனிந்தார், எப்படி மூச்சு வாங்கினார் என்பதையெல்லாம் செய்தும் காட்டினேன்.

"அப்பா நெஞ்சுவலின்னு நடிச்சார்மா. கடைக்குப் போனதும் ஒண்ணும் இல்லாம போயிடுத்து."

அம்மாவுக்குக் கோபத்தில் உதடு துடித்தது. "இதுக்கு அண்ணா பேரையா இழுக்கணும்" என்றாள்.

சின்ன உள்ளில் முறம் தட்டுகிற சத்தம் நின்றது. பெரியம்மா கதவுப் பக்கம் வந்து நின்றாள்.

"கையைப் பிடிச்சுண்டான்னியே, கை எப்படி இருந்தது?" என்று என்னைக் கேட்டாள்.

"ஜில்லுன்னு."

"வேர்த்துதா?"

"தொப்பலா வேர்த்துது."

"அதை நடிக்க முடியாது" என்றாள் அம்மாவைப் பார்த்து. "நாளைக்கு அவனை டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போகணும். அவன் ஒண்ணுமில்லைன்னு சொல்லுவான். கேக்கப்படாது."

அப்பா ஒண்ணுமில்லை என்றுதான் சொன்னார். டாக்டர் வேண்டாம், வெறும் வாயு என்றார். அடுத்த நாள் காலை பெரியம்மா குளித்துவிட்டு, போர்த்திக்கொண்டு, வாசலை ஒட்டின ரேழியில் வந்து நின்றாள். அம்மா பதறிப்போனாள்.

"அக்கா, வருஷம் திரும்பலை. நாலு பேர் என்ன சொல்லுவா?"

"சொல்லட்டும். நான் அவனோட போறேன்."

அப்பா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுக்கு மன்னியாக வந்தவள் அவள். அப்பா அவளை எதிர்த்துப் பேசியதில்லை. "சரி மன்னி" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நானும் கூடவே கிளம்பினேன். தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்து மூடியது. பெரியம்மா தலையைக் குனியாமல் பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். பாலத்தில் பஸ் போகும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெரியம்மா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். யாரும் என்னைப் பெயர் சொல்லச் சொல்லவில்லை.

உறையூர்ப் பக்கம் இருந்த அந்த டாக்டருக்கு வயது அதிகமில்லை. நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் கேட்டார், கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினார். படியேறி இறங்கச் சொல்லி மறுபடியும் கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"உங்க இருதயம் நல்லா இருக்குங்க. இது பயம். அண்ணன் போன அதிர்ச்சியில சிகரெட்டை ஒரே நாள்ல விட்டீங்க. உடம்பு அதைத் தேடுது, படபடன்னு வருது. அந்தப் படபடப்பைப் பாத்ததும் நமக்கும் நெஞ்சு நிக்கப் போவுதுன்னு பயப்படறீங்க. பயந்தா இன்னும் படபடப்பு. அப்புறம் ஒரு சிகரெட். அது உள்ள போனதும் அடங்குது, ஆனா பிடிச்சதனால செத்துடுவோமோன்னு மறுபடி பயம். சரிதானுங்களா?"

அப்பா ஆமாம் என்று தலையை அசைத்தார். கண்ணில் நீர் நின்றது.

"அது வந்தா என்ன பண்றது டாக்டர்?" என்று கேட்டது பெரியம்மா.

"ஒண்ணும் பண்ண வேண்டாங்கம்மா. ஏறும், தானே இறங்கும். பத்து நிமிஷம், மிஞ்சிப்போனா கால்மணி. சிகரெட் பிடிச்சாலும் இறங்கும், பிடிக்காட்டியும் இறங்கும். மெதுவா மூச்சை விட்டுக்கிட்டு நிக்கணும். பாலத்துக்குப் பயந்துக்கிட்டு ஓடக்கூடாது. தினம் நடந்தே போகட்டும்." அப்பாவின் பக்கம் திரும்பினார். "நாளைக்கே விட்டாகணும்னு பல்லைக் கடிக்காதீங்க. இப்போதைக்குக் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பத்து நாள் கழிச்சு வாங்க, குறைச்சுக்கலாம். வீட்ல யாராச்சும் காவல் காக்கறாங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மேஜை மேலிருந்த மருந்துக் குப்பியைப் பார்த்தேன்.

"வேண்டாம்னு சொல்லுங்க. திருடனைப் பாக்கற மாதிரி பாத்தா அதுவே பாதி வியாதி."

வெளியே வந்ததும் அப்பா என் தோளில் கை வைத்தார். "நான் நடிக்கலைடி" என்றார். அவ்வளவுதான். நான் சொன்னதை அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. வகுப்பில் பெயர் எழுதிக் கொடுக்கிறவளை மற்றப் பெண்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

சிகரெட் பிடிக்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னதாகக் கேட்டதும் அம்மா வேறு டாக்டரைப் பார்க்கலாமே என்றாள். பெரியம்மா, "அவர் சொன்னபடியே செய்யட்டும்" என்றாள். வீட்டில் அந்தச் சனியனை வெறுக்க அவளைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. அதனால் பேச்சு அதோடு முடிந்தது. அம்மா சட்டையை முகர்வதை நிறுத்தினாள். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தவரை நிறுத்தினாள்.

அதன் பிறகு நானும் அப்பாவும் பாலத்துக்கு முன்னாலேயே மாம்பழச்சாலையில் இறங்கிப் பாலத்தை நடந்தே கடந்தோம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அது வந்தது. வருகிறபோது அப்பா நின்றுவிடுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "பாத்துண்டிரு" என்பார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே ரிஜிஸ்தரைச் சொல்வேன். லூர்துமேரியை விட்டால் இப்போது கண்டுபிடித்துவிடுவார். ஒன்பது நிமிஷம், பதினோரு நிமிஷம், ஏழு நிமிஷம். சித்திரையில் சாயங்காலத்துச் சிகரெட் போயிற்று. வைகாசியில் காலையில் பாதி பிடித்துவிட்டு மிதித்து அணைத்தார்.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில் கரையிலிருந்து கரைவரை சுழித்துக்கொண்டு போயிற்று. அன்றைக்குத்தான் அது பலமாக வந்தது. பள்ளிக்கூடம் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அப்பா கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கடைக்குப் போயிடலாமாப்பா? நான் அம்மாட்ட சொல்லமாட்டேன்" என்றேன். நிஜமாகவே சொல்லியிருக்க மாட்டேன்.

"வேண்டாம். எறங்கும்" என்றார் பல்லுக்கிடையில். "சொல்லு."

புது வகுப்பு, புது ரிஜிஸ்தர்; எனக்கே இன்னும் பாடம் ஆகவில்லை. தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உதட்டைக் குவித்து மூச்சை விட்டார். பதின்மூன்றாவது நிமிஷம் கையைச் சுவரிலிருந்து எடுத்தார். உள்ளங்கை முழுக்கக் காரை ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டு, வேர்த்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரியப்பா போனதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். கடை வாசலுக்குப் போனதும் கடைக்காரர் வழக்கமான பாக்கெட்டை எடுத்தார். அப்பா இரண்டு கலர் சோடா கேட்டார்.

அதோடு முடிந்துவிடவில்லை. மூன்று வருஷம் கழித்து ஆபீஸில் ஒரு தொல்லை வந்தபோது சிகரெட்டும் திரும்பி வந்தது. நான்கு மாதம் பிடித்தார். ஐந்தாவது முறை யாருக்கும் சொல்லாமல் விட்டார், விட்டது விட்டதுதான். எழுபத்தெட்டு வயதுவரை இருந்தார்.

நான் சொல்ல வந்தது பெரியம்மாவைப் பற்றி. அந்த மாதங்களில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைக் கூப்பிடுவாள்.

"இன்னிக்கு வந்துதா?"

"வந்துது."

"எவ்வளவு நாழி? எங்கே அடைச்சுதுன்னான், நடுவுலயா, இடது பக்கமா? கை வலிச்சுதுன்னானா? தாடை?"

"கை வலிக்கலை."

"நன்னா கேட்டியா?"

"கேட்டேன் பெரியம்மா. கை வலிக்கவே இல்லையாம்."

"ஏப்பம் வந்துதா?"

"வரலை."

ஒவ்வொரு நாளும் இதே கேள்விகள், இதே வரிசையில். கடைசியில் "சரி, போ" என்பாள். அம்மா விட்ட உத்தியோகத்தை இவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். அப்பாவிடம் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்றும் நினைத்தேன். கும்பகோணத்தில் ஒரு காலைப்பொழுதில் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அஜீரணம் என்ற வார்த்தையை நம்பிவிட்டு உள்ளே போனவள் அவள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அவள் அப்பாவின் கையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் ஒருநாள், கேள்வி வருவதற்கு முன்பே நான் கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.

"பெரியம்மா, ஒரு மாசமா அப்பாவுக்கு வரவே இல்லை. டாக்டர் இனிமே வரவேண்டாம்னுட்டார்."

"ரொம்ப நல்லது" என்றாள்.

சொல்லிவிட்டு அவள் உள்ளே போகவில்லை. இன்னும் ஏதோ கேட்க இருக்கிறவள் போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் பெண்கள் பாண்டி விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன்.